சட்டைப் பையில் மாத்திரை அட்டை

ஜவ்வாது மலையின் புதூர்நாட்டில் திருப்பத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு டீக்கடை பெஞ்சுதான் பஸ் நிலையம். அன்று எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த தம்பி டீயை வாங்கிக் கையில் வைத்திருந்தாரே தவிர, குடிக்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைக்காரர்தான் முடிச்சை அவிழ்த்தார். "இந்த அக்கா ஆஸ்பத்திரி சமாச்சாரமெல்லாம் பத்திரிகையில எழுதுறவங்க. அவங்ககிட்ட காட்டேன்டா."

பையிலிருந்து வந்தது ஒரு மாத்திரை அட்டை. செர்ட்ரலின், 50 மில்லிகிராம். பத்து மாத்திரையும் பிரிக்காமல் அப்படியே இருந்தன.

"சம்சாரத்துக்குக் குழந்தை பொறந்து ஏழு வாரம் ஆகுதுக்கா. பொம்பளப் புள்ள. புள்ள நல்லா இருக்கு. இவதான் சரியில்ல."

குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. தட்டில் போட்ட களி ஆறிக் கிடக்கிறது. "புள்ள உன்ன மாதிரியே இருக்கு" என்று யாராவது ஆசையாகச் சொன்னால் அதற்கும் அழுகை. மந்திரித்தாயிற்று, கறுப்புக் கயிறு கட்டியாயிற்று. வீட்டுக்கு வந்த நர்சம்மா பேசிப் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே மனநல டாக்டர் பொறுமையாக விசாரித்து, ரத்தம் எடுக்கச் சொல்லி, இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"வீட்டுக்கு வந்ததும் எங்கம்மா புடுங்கி வெச்சுட்டாங்க. பால் குடிக்கிற புள்ளைக்கு மூளை மாத்திரையா, பால்ல எறங்காதான்னு கேட்டாங்க. அவளும் பயந்துட்டா. இன்னிக்கு ரத்த ரிசல்ட் வாங்கப் போறேன். அப்படியே இதத் திருப்பிக் குடுத்துடலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

"உங்கம்மா கேட்டதுல தப்பில்ல தம்பி. பால்ல இறங்கும். எவ்வளவு இறங்கும்ங்கிறதுதான் கேள்வி. நான் டாக்டர் இல்ல; படிச்சதையும் டாக்டர்கள்கிட்ட கேட்டதையும் சொல்றேன். முதல்ல டீயக் குடிங்க."

அவரிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இதே கேள்வியோடு மலையிலும் சமவெளியிலும் எத்தனையோ வீடுகளில் மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

முதலில் நோயைப் பற்றி. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது வழக்கம். பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு அது வரும். இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். சாப்பாடும் தூக்கமும் பக்கத்தில் ஆளும் இருந்தால் போதும், மருந்து வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் விடாமல், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே கிடந்து, எதிலும் பிடிப்பில்லாமல், "நான் ஒரு தாயா" என்ற குற்ற உணர்வு அரித்துக்கொண்டே இருந்தால் அது மனச்சோர்வு நோய். சோம்பலோ திமிரோ பிள்ளைமேல் பாசமில்லாததோ அல்ல.

இது பட்டணத்து நோய் என்று நினைப்பவர்களுக்கு இந்த மலையின் அந்தப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில், வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் நிறைமாதக் கர்ப்பிணிகள் 359 பேரைச் சந்தித்து, பிரசவத்துக்குப் பிறகு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி போய்ப் பார்த்தார்கள். 2002-இல் அந்த ஆய்வு வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். இந்தியா முழுவதும் நடந்த 38 ஆய்வுகளை, அதாவது இருபதாயிரத்துச் சொச்சம் தாய்மாரின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்து 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை 22 சதவீதம் என்றது. ஐந்து தாய்மாரில் ஒருவர்.

கணியம்பாடி ஆய்வில் எண்ணிக்கையைவிட முக்கியமானது, யாருக்கு வந்தது என்ற பட்டியல். வருமானம் குறைந்த வீடு. மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல். கர்ப்ப காலத்தில் ஏதேனும் பெரிய துன்பம். கைக்கு உதவி இல்லாமை. பையனை எதிர்பார்த்திருந்து பெண் பிறந்தது.

கடைசியைச் சொன்னபோது தம்பி டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. எங்கம்மாதான் ஆஸ்பத்திரியிலயே மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "நானும் ஒண்ணும் சொல்லல" என்றார்.

அடுத்து பாலுக்கு வருவோம். தாய் விழுங்கும் மாத்திரை குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகிறது. ரத்தத்திலிருந்து மார்பின் பால் சுரப்பிகளுக்குள் கசிகிறது. ஆனால் எல்லாமும் கசிந்துவிடுவதில்லை. செர்ட்ரலின் ரத்தத்தில் தனியாகத் திரியும் மருந்தல்ல. நூற்றில் 98 பங்கு ரத்தத்தில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தலையில் விறகுக் கட்டோடு மலைக் குடிசையின் தாழ்ந்த வாசலில் நுழைந்து பாருங்கள்; கட்டை இறக்கினால்தான் உள்ளே போகலாம். அப்படித்தான் இதுவும். புரதத்தை விட்டு விலகிய மீதிச் சிறு பங்குதான் பாலுக்குள் நுழைகிறது. அப்படி நுழைந்ததும் குழந்தையின் வயிறு, கல்லீரல் என்ற இரண்டு சுங்கச்சாவடிகளைத் தாண்டித்தான் அதன் ரத்தத்துக்குப் போக வேண்டும்.

இதை அளக்க மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தாய் தன் எடையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு மருந்து எடுக்கிறாள், குழந்தை பால் வழியே தன் எடையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு பெறுகிறது, இரண்டாவது முதலாவதில் எத்தனை சதவீதம்? குழந்தை ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 150 மில்லி பால் குடிக்கும் என்று வைத்துக்கொள்வார்கள். விடை 10 சதவீதத்துக்குள் இருந்தால், ஆரோக்கியமாக நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பொதுவாக ஏற்கத்தக்கது. செர்ட்ரலினுக்கு இந்த விடை பெரும்பாலும் அரை சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்குள் வருகிறது.

தம்பிக்குப் புரியும்படி கணக்கை அவர் வீட்டுக்கே போட்டோம். "சம்சாரம் எத்தனை கிலோ இருப்பாங்க?" "அம்பது இருப்பா." "புள்ள?" "போன வாரம் எடை போட்டப்ப நாலு." ஐம்பது கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்றால் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். அதில் 3 சதவீதம் என்று கூட்டியே வைத்தாலும், நாலு கிலோக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 0.12 மில்லிகிராம். அட்டையில் இருக்கிற ஒரே ஒரு மாத்திரையை நானூறு துணுக்காக உடைத்தால் அதில் ஒரு துணுக்கு. குறைந்த பக்கக் கணக்கில், அந்தத் துணுக்கிலும் ஆறில் ஒரு பங்கு.

தம்பி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோதானா?"

இவ்வளவுதான். 2004-இல் 57 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். செர்ட்ரலின், பாராக்செட்டின், நார்ட்ரிப்டிலின் ஆகிய மூன்றில் ஒன்றை எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலோரிடம் மருந்து கருவியில் காட்டும் அளவுக்குக்கூட இல்லை. பால் கொடுக்கும் தாய்க்குப் புதிதாக மருந்து தொடங்கும்போது டாக்டர்கள் செர்ட்ரலினைத் தேடிப் போவது அதனால்தான். எசிட்டலோபிராம் இதைவிடச் சற்று அதிகமாகப் பாலில் இறங்கும். ஆனாலும் பொதுவாகப் பத்துக்குள் நிற்கும்.

எல்லா மருந்தும் ஒன்றல்ல. ஃப்ளூஆக்செட்டின் உடம்பை விட்டுப் போகச் சோம்பல்படும் மருந்து. அது உடைந்து உருவாகும் பொருளும் ஒன்றிரண்டு வாரம் தங்கும். சின்னக் குழந்தையின் உடம்பில் சேர்ந்துவிட வாய்ப்புண்டு. சில தாய்மாரிடம் கணக்கு 10 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. பால் கொடுப்பவர்களுக்கு முடிந்தால் அதைத் தவிர்க்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பழைய மருந்துகளில் அமிட்ரிப்டிலின் பாலில் குறைவாகவே இறங்கும். ஆனால் தாயை அசத்தித் தூங்க வைக்கும். பாயில் பக்கத்தில் குழந்தையைப் போட்டுக்கொண்டு தூங்கும் நம் வீடுகளில் அதைக் கவனிக்க வேண்டும். டாக்செபின் என்ற மருந்தைப் பாலூட்டும்போது தவிர்க்கவே சொல்வார்கள். பால் வழியே அது போன குழந்தைக்கு மூச்சுத் தளர்ந்த சம்பவம் பதிவாகியிருக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கர்ப்பமாக இருக்கும்போதே ஒரு மருந்தை எடுத்து, அதில் நன்றாக இருந்த தாய்க்கு, "பாலுக்கு நல்லது" என்று பிரசவத்துக்குப் பிறகு மருந்தை மாற்றுவது பெரும்பாலும் வேண்டாத வேலை. தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போன அளவு, பால் வழியே போகப்போவதைவிட அதிகம். புது மருந்து இவளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். இதற்குள் நோய் திரும்பிவிடலாம்.

"அப்ப டப்பாக்குள்ள இருக்கிற பேப்பர்ல பால் குடுக்கிறவங்க ஜாக்கிரதைன்னு போட்டிருக்கே?" கடைக்காரர் கேட்டார். அவருக்கும் இப்போது ஆர்வம் வந்துவிட்டது. போட்டிருக்கும். கம்பெனிக்காரர்கள் தங்களைக் காத்துக்கொள்ள எழுதும் வரி அது. பாலூட்டும் பெண்களை வைத்து மருந்துச் சோதனை நடத்துவது அரிது; ஆகவே எச்சரிக்கை என்று எழுதிவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். டாக்டர்கள் அந்தத் தாளை மட்டும் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத்தின் இணையதளத்தில் கிடைக்கும் லாக்ட்மெட் என்ற இலவசத் தரவுத்தளம் இருக்கிறது. ஒவ்வொரு மருந்தும் பாலில் எவ்வளவு, குழந்தையின் ரத்தத்தில் எவ்வளவு, என்ன பக்கவிளைவு பதிவானது என்று அதில் தனித்தனியாகப் பார்க்கலாம்.

ஆக, தராசின் ஒரு தட்டில் நானூற்றில் ஒரு துணுக்கு. இந்தத் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், "அந்தத் துணுக்குகூட எதற்கு, மாத்திரையே வேண்டாமே" என்றுதான் தோன்றும். தம்பியின் அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஆனால் இன்னொரு தட்டு காலியாக இல்லை. அதில் நோய் உட்கார்ந்திருக்கிறது.

தூங்காத, சாப்பிடாத, குழந்தை சிரித்தாலும் முகம் மலராத தாயிடம் குழந்தை வளர்கிறது. மருந்தில்லாமல் இருப்பதும் குழந்தைக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. கோவாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் பின்தொடர்ந்த ஆய்வு 2003-இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்த தாய்மாரின் குழந்தைகள் ஆறாம் மாதத்தில் எடை குறைந்திருப்பது அதிகமாக இருந்தது. நோயுள்ள தாய் பால் கொடுப்பதைச் சீக்கிரம் நிறுத்திவிடுவதும், தடுப்பூசித் தேதியை மறப்பதும், காய்ச்சலைத் தாமதமாகக் கவனிப்பதும் நடக்கும். அவள் அக்கறையில்லாதவள் என்பதால் அல்ல. எழுந்து நிற்கவே தெம்பில்லை என்பதால்.

"சரிக்கா, மாத்திரைய அவ சாப்பிடட்டும். புள்ளைக்குப் பவுடர் பால் குடுத்துட்டா ரெண்டும் சரியாப் போயிடுமே?"

நியாயமான கேள்வி. அதற்கும் கணக்குப் போட வேண்டும். பவுடர் என்றால் ஒவ்வொரு முறையும் கொதித்து ஆறிய தண்ணீர், கொதிக்க வைத்த பாட்டில், மார்க் பிசகாத அளவு. ராத்திரி மூன்று மணிக்கு விறகடுப்பைப் பற்றவைத்து இதைச் செய்வது யார்? தண்ணீரில் பிசகினால் வயிற்றுப்போக்கு. காசு போதவில்லை என்று பவுடரைக் குறைத்துக் கரைத்தால் எடைக் குறைவு. ஆஸ்பத்திரிக்குப் போக மலை இறங்க வேண்டிய ஊரில் குழந்தையின் வயிற்றுப்போக்கு சின்ன விஷயமில்லை. குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று 1992-இல் இந்தியா சட்டமே போட்டது இந்த மாதிரி ஆபத்துகளைப் பார்த்துத்தான். தவிர, பாலைத் திடீரென்று நிறுத்தினால் மார்பு கட்டிக்கொள்ளும், வலிக்கும். "இதுகூட என்னால முடியல" என்று அவள் மனம் இன்னும் உடையலாம். நானூற்றில் ஒரு துணுக்குக்குப் பயந்து இத்தனையையும் வாங்கிக்கொள்வதா?

ஆனால் ஒன்று. பால் கொடுப்பதே அவளுக்குத் தாங்க முடியாத பாரமாக இருந்து, நிறுத்தவோ குறைக்கவோ அவளே விரும்பினால், அதுவும் ஒரு வழிதான், குற்றமில்லை. நர்சம்மாவிடம் கேட்டு மெல்ல மெல்லக் குறைக்கலாம். மருந்துக்காக நிறுத்த வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்வது.

இரண்டாவது டீ வந்தது. பாலில்லாத வர டீ. "பால் வண்டி வரல" என்றார் கடைக்காரர்.

மருந்தில்லாமல் சரியாகாதா என்றால், பலருக்கு ஆகும். நோய் லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் பேச்சு வழிச் சிகிச்சையைத்தான் முதலில் சொல்வார்கள். அதற்குப் பெரிய டாக்டர்தான் வேண்டுமென்பதும் இல்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில் மனநல மருத்துவர் அதிஃப் ரஹ்மான் குழுவினர் நம் கிராம நர்சுகளைப் போன்ற சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய், தாயின் மனத்தை ஒரே பள்ளத்தில் தள்ளும் எண்ணங்களை அவளோடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார்கள். அடுத்த வருகைக்குள் செய்ய ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள். வீட்டாரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். 903 தாய்மார்கள். ஆறாம் மாதம் பார்த்தபோது, இந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 23 சதவீதத்தினருக்கு மட்டுமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. சாதாரணமாக வந்து பார்த்துவிட்டுப் போன வீடுகளில் 53 சதவீதம். 2008-இல் லான்செட் இதழில் வந்தது இது.

நோய் கடுமையாக இருந்தால், முன்பும் வந்து மருந்தில் சரியானதாக இருந்தால், அல்லது பேச்சுச் சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் மருந்தின் பக்கம் தராசு சாய்கிறது. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். பலருக்கு அதுதான் நல்லது.

மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் டாக்டருக்குத் தெரிய வேண்டிய சில விஷயங்கள் உண்டு. தம்பியின் வீட்டில் ரத்தம் எடுக்கச் சொன்னது அதற்குத்தான். ரத்தசோகை இருந்தாலும் பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறானாலும் இதே சோர்வு, இதே படபடப்பு வரும். அவற்றுக்கு மருந்து வேறு. இன்னொன்று, அவளுக்கோ அவள் பிறந்த வீட்டில் யாருக்கோ எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம், நாள் கணக்கில் தூக்கமே தேவைப்படாத சுறுசுறுப்பு, கையில் நிற்காத செலவு என்று ஒரு காலம் வந்ததுண்டா? இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அது இருதுருவ மனநோயின் அடையாளமாக இருக்கலாம். அதற்கு இந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் மனத்தை எதிர்ப்பக்கம் தூக்கியடிக்கலாம். குழந்தை குறைமாதத்தில் பிறந்ததா, எடை குறைவா, மஞ்சள்காமாலை இருந்ததா என்பதையும் சொல்ல வேண்டும். கல்லீரல் முதிராத குழந்தை நானூற்றில் ஒரு துணுக்கையும் மெதுவாகத்தான் வெளியேற்றும்.

தொடங்கிய பிறகு? முதல் வாரம் தாய்க்குக் குமட்டல், தலைவலி, கொஞ்சம் படபடப்பு இருக்கலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுவது இதற்காகத்தான். பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். மூன்றாம் நாள் "ஒண்ணும் வேலைக்காகல" என்று நிறுத்திவிடக் கூடாது. பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை. மாத்திரை நேரத்தைப் பார்த்துப் பார்த்துப் பால் கொடுக்க வேண்டியதும் இல்லை. குழந்தை வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்குகிறதா, பாலைச் சரியாகக் குடிக்கிறதா, காரணமில்லாமல் சிணுங்குகிறதா, எடை ஏறுகிறதா என்ற நாலையும் கவனித்தால் போதும். தொந்தரவு பதிவான குழந்தைகளில் பெரும்பாலானவை இரண்டு மாதத்துக்கு உட்பட்டவை. அந்த வயதில் கண் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். அங்கன்வாடியில் எடை போடும்போது அட்டையில் குறித்துக்கொண்டு வந்தாலே பாதி பயம் போய்விடும். மனம் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்து தொடர வேண்டும். நிறுத்தும்போது டாக்டர் சொன்னபடி படிப்படியாக.

"இத்தன மாசமா? அடிமையாயிட மாட்டாளா?" என்றார் தம்பி. சாராயத்தைப் போல மேலும் மேலும் கேட்கும் ஏக்கத்தை இந்த வகை மருந்து உண்டாக்குவதில்லை. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும். படிப்படியாகக் குறைப்பது அதனால்தான்.

பிறகு, கேட்கத் தயங்கிய ஒன்றைக் கேட்டேன். "செத்துப் போயிடலாம்னு தோணுதுன்னு எப்பவாவது சொன்னாங்களா தம்பி?"

"சொல்லலக்கா."

"நீங்க கேட்டீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். கேட்டதில்லை.

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை. பிரசவித்த தாய்மாரின் மனநிலையை அறிய உலகமெங்கும் பயன்படும் எடின்பரோ கேள்வித்தாளில் பத்தே கேள்விகள். பத்தாவது இந்த எண்ணத்தைப் பற்றியதுதான். 1987-இல் உருவான அந்தத் தாளைத் தமிழில் மொழிபெயர்த்து, நம் பெண்களிடம் சரியாக வேலை செய்கிறதா என்று வேலூர்க்காரர்களே சோதித்திருக்கிறார்கள். ஆம் என்று பதில் வந்தால் தனியாக விடக்கூடாது, அன்றைக்கே டாக்டர். அதேபோல, இரண்டு மூன்று நாள் தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசுவது, காதில் குரல் கேட்பது, "இது என் புள்ள இல்ல" என்பது, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்ற பேச்சு, இவை வந்தால் அது வேறு நோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். காத்து கருப்பு என்று ஒரு ராத்திரியும் தள்ளக்கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். அந்த மாதிரி நிலைமையில் தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் வார்டு பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009 முதல் இருக்கிறது. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் பெங்களூரு. வீட்டில் உட்கார்ந்தபடியே பேச வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசுவார்கள்.

"எல்லாம் சரிக்கா. ஆனா எங்கம்மா ஒண்ணு சொல்றாங்க. புலியூர்ப் பொண்ணு புள்ள பெத்த ரெண்டாம் நாளே மெட்ராஸ் போயி ஜட்ஜ் பரிட்ச எழுதிட்டு வந்துச்சு. இவளால எழுந்து தலை வாரிக்க முடியலையான்னு."

ஜவ்வாது மலையின் ஸ்ரீபதியைச் சொல்கிறார். 2023 நவம்பரில் குழந்தை பிறந்த இரண்டாம் நாள் சென்னைக்குப் போய் உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதினார். 2024 பிப்ரவரியில் அவர் வென்ற செய்தி வந்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. இந்த மலைக்கே பெருமை. ஆனால் அந்தப் பெருமையைக் கம்பாக எடுத்து இன்னொரு பெண்ணை அடிக்கக் கூடாது. ஒருத்திக்குக் காய்ச்சல் இல்லை என்பதால் மற்றவளின் காய்ச்சல் பொய்யாகிவிடாது. "இன்னொன்னும் இருக்கு தம்பி. அன்னிக்கு முதலமைச்சர் வாழ்த்தும்போது அந்தப் பொண்ணோட நிறுத்திக்கல. கூட நின்ன தாயையும் புருஷனையும் சேர்த்துப் பாராட்டினாரு. கைக்கு உதவி இல்லாததுன்னு கணியம்பாடிப் பட்டியல்ல சொன்னேனே, அதுக்கு எதிர்ப்பக்கம் இதுதான். அதக் குடுக்கிறதுக்கு டாக்டர் சீட்டு வேண்டாம்."

அவர் யோசித்தார். "நான் என்ன பண்ணணும்?"

"ராத்திரி பால் குடுத்து முடிச்சதும் புள்ளைய நீங்க வாங்கிக்கங்க. தோள்ல போட்டுத் தட்டி ஏப்பம் விட வெச்சு, துணி மாத்தி, தூங்க வையுங்க. அவங்க நாலு மணி நேரம் சேர்ந்தாப்பல தூங்கட்டும். அதுவும் ஒரு மருந்துதான். பொம்பளப் புள்ளன்னு யாராவது இழுத்தா, அவங்க காதுல விழுற மாதிரி நீங்க பதில் சொல்லுங்க. உங்கம்மாகிட்ட சண்ட போட வேண்டாம். அடுத்த தடவ டாக்டர்கிட்ட போறப்ப அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. பேத்தி மேல இருக்கிற பயத்துலதான் கேட்டாங்க. நானூறு துணுக்குக் கணக்க அவங்களுக்கும் சொல்லுங்க."

"மாத்திரைய என்ன பண்றது?"

"அது யாரோட மாத்திரை?"

கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வீட்டில் மாமியார் பிடுங்கி வைத்தார், கணவர் பையில் போட்டுக்கொண்டு வந்தார், டீக்கடையில் நானும் கடைக்காரரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். விழுங்க வேண்டியவளை மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை. எடுக்கலாம் என்றோ, இன்னும் இரண்டு வாரம் பேச்சுச் சிகிச்சையைப் பார்க்கலாம் என்றோ, டாக்டரோடு பேசி அவள்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வேலை, அவள் கையில் சரியான கணக்கைக் கொடுப்பது. அவள் எதைச் சொன்னாலும் கூட நிற்பது.

தம்பி காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். ரத்த ரிசல்ட்டுக்காகப் போகத்தான் வேண்டும். பஸ் திரும்பி நிற்பதற்குள், சிக்னல் கிடைக்கும் புளியமரத்தடிக்குப் போய் போனைக் காதில் வைத்தார். குரல் சத்தமாகவே கேட்டது.

"உன் மாத்திரை என்கிட்ட இருக்கு. இல்ல, திருப்பிக் குடுக்கல. சாயந்திரம் கொண்டாந்து தர்றேன். ஒரு அக்கா சொன்னதையெல்லாம் சொல்றேன், கேளு. அப்புறம் நீ சொல்லு. உன்கிட்ட ஒண்ணு கேக்கவும் வேணும், வந்து கேக்கறேன்... புள்ள தூங்குதா? நீ?"